நாற்பது கஜத்துக்கு இந்தாண்ட

தேசம்மாவின் அடைக்கோழிக்கு அடியிலிருந்து முதல் தட்டு எழும்பிப் பறந்த காலையில் செந்தாங்கலில் யாரும் அதிசயப்படவில்லை, கோழியைத் தவிர. கோழியும் தட்டு பறந்ததற்காக அதிசயப்படவில்லை, கூடவே பொரித்த ஒன்பது வாத்துக்குஞ்சுகளும் தரையில் நடந்தபோது இது ஒன்று மட்டும் கூரைமேல் ஏறிக்கொண்டு, கூப்பிடக் கூப்பிட இறங்கி வர மறுத்ததே என்றுதான் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டு என்றால் சோற்றுத் தட்டு இல்லை. துப்பாக்கி கிளப்பில் மிஷினில் வைத்து வானத்தில் வீசி, அது பறக்கும்போதே சுடுவார்களே, அந்தத் தட்டு. அரைச் சாண் அகலம், கவிழ்த்து வைத்த அகல் மாதிரி நடுவில் ஒரு மேடு, ஆரஞ்சு நிறம். கிளப்பில் அதற்கு மண்புறா என்று பெயர். அதில் மண்ணும் இல்லை, புறாவும் இல்லை. தாரும் சுண்ணாம்புத் தூளும் கலந்து வார்த்தது. சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிளப் இருக்கும் இடம் எங்கள் ஆடுமாடுகள் மேய்ந்த புறம்போக்கு. அதற்கு மேற்கே பாறைக்குன்று, கிழக்கே எங்கள் ஏரி. ஏரிக்கும் ஊருக்கும் நடுவில் கரை, கரைமேல் பனைகள். கிளப்காரர்கள் மத்தியானத்துக்குமேல்தான் சுடுவார்கள், அப்போது வெயில் முதுகில் விழ வேண்டும் என்பதால் ஏரியைப் பார்த்து நின்று சுடுவார்கள். பாறையைப் பார்த்துச் சுட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் வெயில் கண்ணில் குத்தும். அந்தக் கண் கூச்சத்துக்காக எங்கள் ஏரி முழுக்க ஈயம் விழுந்தது.

தோட்டா ஒன்றுக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக முந்நூறுக்கு மேல் ஈயக்குண்டு இருக்கும். தட்டில் படுவது ஐந்தோ ஆறோ. மிச்சமெல்லாம் போய்க்கொண்டே இருக்கும், வேகம் தீர்ந்து, கை ஓய்ந்தவன் விசிறிய விதைபோல ஏரியின் உள்வாய்ச் சேற்றிலும் அறுத்த வயலிலும் பொலபொலவென்று விழும். தலையில் பட்டால் வலிக்காது. மழை தொடங்கும்போது முதல் தூறல் படுகிற மாதிரி இருக்கும். சுடுகிறவன் மிஷினைப் பார்த்து இங்கிலீஷில் "புல்" என்று கத்துவான், உடனே தட்டு பறக்கும். ஆட்டுக்காரர் பச்சையப்பன், மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு நாள் முழுக்கப் புல் புல் என்று கத்தினால் மட்டும் முளைத்துவிடுமா என்று கரைமேல் நின்று தன் ஆடுகளிடம் கேட்பார்.

ஆடுகள் பிழைத்துக்கொண்டன. வாத்துகள் பிழைக்கவில்லை. வாத்துக்குப் பல் இல்லை, தின்ற நெல்லை அரைக்க இரைப்பையில் பொடிக்கல் வேண்டும், அதைச் சேற்றில் தேடித் தேடி விழுங்கும். கல்லுக்கும் ஈயக்குண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தேசம்மாவிடம் முந்நூறு வாத்து இருந்தது, அவள் புருஷன் கேரளத்துக்கு வாத்து ஓட்டிப்போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்ட பிறகு அவள் தனியாளாக வளர்த்தது. கிளப் வந்த இரண்டாம் வருஷம் வாத்துகள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தூக்க முடியாமல், பச்சையாகக் கழிந்து, தண்ணீர்மேல் தலையை வைத்தபடியே சாகத் தொடங்கின. செத்த ஒன்றை அறுத்து இரைப்பையைத் திருப்பிக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் மினுமினுவென்று ஈயம் உருண்டது. அப்போது மிச்சம் நூற்றி முப்பத்தெட்டு. அதுவும் போனால் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதுதான், அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கிளப்பின் செயலாளர் சுதர்சனம் மரியாதையான மனுஷர். ஊர் கூப்பிட்டதும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கே வந்தார். தேசம்மா ஈயத்தை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"இந்தத் துப்பாக்கி எட்டுற தூரம் நாற்பது கஜம்மா. இதோ, நீங்க நிக்கிற இடம் இருநூறு கஜம். இங்க விழுற குண்டு எங்களோடது இல்லை."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொப்பிமேல் நாலைந்து குண்டு விழுந்து உருண்டு ஓரத்தில் நின்றன. அவர் கவனிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமலே போய்விட்டார்.

அது நடந்து சில வாரத்தில்தான் தட்டு பறந்தது. வாத்து அடை உட்காராது என்பதால் எங்கள் பக்கம் வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில் வைப்போம். நடுவில் முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பது உண்டு; கழித்த இடம் காலியாக இருந்தால் கோழி சந்தேகப்பட்டு எழுந்துவிடும், அதனால் உருண்டைக்கல்லோ கொட்டாங்கச்சியோ ஏதாவது ஒன்றை அங்கே வைப்போம். தேசம்மா அன்றைக்குக் கைக்கு அகப்பட்டதை வைத்தாள். யாரோ சுடத் தவறி, உடையாமல் ஏரிச்சேற்றில் வந்து விழுந்திருந்த ஒரு தட்டு அது, ஓரத்தில் கொஞ்சம் மூளி. வைத்ததை எடுக்க மறந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்குப் பிறகு தவறிய தட்டு எதுவும் கீழே விழவில்லை, சுட்டவன் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தோட்டாவைப் போடும்போது அது பாட்டுக்கு மேலே போய், ஏரியைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, ஊருக்குள் வந்து யார் வீட்டுக் கூரையிலாவது உட்கார்ந்துகொண்டது.

முதலில் எந்தத் தட்டு யாருடையது என்று இரண்டு சண்டை வந்தது, பிறகு உட்கார்ந்த கூரைக்காரருக்கே சொந்தம் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள், பிறகு ஒரு தட்டு ஒரே கூரையில் இரண்டு நாள் உட்காராது என்று தெரிந்ததும் ஊருக்கே பொது என்று மாற்றிப் பேசி முடித்தார்கள். மாட்டு டாக்டர் வந்து ஒன்றைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். மிளகாய் காயப்போட்ட பெண்கள் பாயின்மேல் ஒரு தட்டு வட்டம் அடித்தால் காகம் வராது என்று கண்டுபிடித்தார்கள். பூசாரி, கோபுரத்தில் உட்காரும் தட்டுக்குத் திருநீறு வைக்கலாமா என்று இரண்டு வெள்ளிக்கிழமை யோசித்து, பறக்கிற எதற்கும் வைப்பதில்லை என்று முடிவு செய்தார். கல்யாண வீட்டுப் பந்தலில் அவை வரிசையாக வந்து உட்கார்ந்தால் சீரியல் பல்பு வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. கோழி மட்டும் விடவில்லை. தான் பொரித்த அந்த மூளித் தட்டு இறங்கி வரும்போதெல்லாம் இறக்கையை விரித்து அடியில் இடம் காட்டும், தட்டும் கொஞ்ச நேரம் வந்து இருந்துவிட்டுப் போகும். அது ஒருச்சாய்ந்து பறப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தேசம்மா ரோட்டோரத் தாரில் ஒரு உருண்டை எடுத்து மூளியில் அப்பிவிட்டாள். பிறகு நேராகப் பறந்தது.

தேசம்மாவின் கொழுந்தன் ஏகாம்பரம் கிளப்பில் வேலை செய்தான். தரைக்கு அடியில் தோண்டிய குழிக்குள் உட்கார்ந்து மிஷினில் தட்டு அடுக்குவது, மேலிருந்து குரல் வந்ததும் பொத்தானை அமுக்குவது. யார் எந்தத் தட்டைத் தவறவிட்டார் என்று அவனுக்குத்தான் தெரியும். சாயங்காலம் அவன் டீக்கடைக்கு வந்து, கூரைகளைக் கைகாட்டி, இது வக்கீல் விட்டது, இது மில்காரர் விட்டது, அந்த ஏழும் டாக்டர் விட்டது என்று சொல்வான். தட்டுகளுக்கு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. வக்கீல் எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றும், மில்காரரைப் பூனை துரத்துகிறது என்றும் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கிளப் டாக்டருக்குக் கை நடுக்கம், ஆனால் ஊருக்கு அவர்மேல்தான் பிரியம், ஏனென்றால் அவர் வந்துபோன நாளில்தான் தட்டுகள் அதிகம் வரும். பச்சையப்பன், இப்படி நல்லபடியாகப் பிரசவம் பார்க்கிற டாக்டரை நான் எங்கும் பார்த்ததில்லை என்பார்.

தட்டுகள் என்ன தின்னும் என்று யாரும் கேட்கவில்லை, ஒரு நாள் அதுவும் தெரிந்தது. தேசம்மா வாத்துகளை ஏரிக்குள் ஓட்டிப் போனபோது, தட்டுகள் கூட்டமாக வந்து வாத்துகளுக்கு முன்னால் இறங்கி, சேற்றை ஒட்டித் தாழ்வாக மிதந்து, ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடிவயிற்றுக் குழியில் ஒட்டிக்கொண்டே போயின. அவை போன பாதையில் வாத்துகள் போயின. கோணல் கழுத்துகள் நிமிர்ந்தன. சாவு நின்றது. வெகு நாளைக்குப் பிறகு வாத்துகள் விடியற்காலையில் கத்துகிற சத்தத்தை ஊர் கேட்டது, தூக்கம் கெட்டுப்போகிறது என்று யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் தேசம்மா எதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறவள். முன்பெல்லாம் தட்டுகள் கரைப் பனைக்குமேல் இன்னொரு பனை வைத்தாலும் எட்டாத உயரத்தில் பறந்தன. வரவர இறங்கி, ஒன்றரைப் பனைக்கு வந்துவிட்டன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், கனத்தது. ஈயம். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவனும் ஒரு தட்டை எடுத்துக் கனம் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்தான்.

கிளப்பில் துப்பாக்கி எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கப் பெரிய வெள்ளைத் தாள்களைச் சட்டத்தில் கட்டி வெவ்வேறு தூரத்தில் வைத்துச் சுடுவார்கள். சுட்டு முடித்த தாளை ஏகாம்பரம் வாத்துக் கொட்டகைக்கு அடியில் விரிக்க எடுத்து வருவது வழக்கம். அன்றைக்கு அவற்றை விரிக்காமல் கொட்டகையின் திறந்த பக்கத்தில் வரிசையாகத் தொங்கவிட்டான், வெயில் ஓட்டைகள் வழியாக வந்து எங்கள் எல்லார் முகத்திலும் அம்மை போட்டது. இருபது கஜத் தாளில் ஓட்டைகள் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கியிருந்தன. முப்பதில் சைக்கிள் சக்கரம் அளவு. நாற்பதில் மாட்டுவண்டிச் சக்கரம். அதற்கு அந்தாண்ட உள்ள தாளில் சக்கரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. ஏகாம்பரம் ஒரு தட்டைப் பிடித்து ஒவ்வொரு தாளிலும் வைத்து நகர்த்திக் காட்டினான். இருபது கஜத்தில் எங்கே வைத்தாலும் தட்டுக்குள் பத்துப் பதினைந்து ஓட்டை விழுந்தது. முப்பதில் ஐந்தாறு. நாற்பதில் இரண்டு மூன்று. கடைசித் தாளில் தட்டை முழுசாக வைத்தாலும் ஒரு ஓட்டையும் தொடாத வெற்றிடம் எத்தனையோ இருந்தது.

குண்டுகள் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேர்வதும் இல்லை, கல்யாண ஊர்வலம் மாதிரி முன்னே கொஞ்சம், நடுவே கூட்டம், பின்னே இழுத்துக்கொண்டு கொஞ்சம் என்றுதான் போகும், போகப்போக உள்ளே ஓட்டை பெரிசாகும், அந்த ஓட்டைக்குள் நுழைந்து நுழைந்துதான் நம் தட்டுகள் இத்தனை நாள் தப்பித்தன என்றான். இரண்டு பனை உயரம் நாற்பத்தி நாலு கஜம். ஒன்றரைப் பனை முப்பத்தி மூன்று, துப்பாக்கி எட்டுகிற தூரம்.

தட்டு ஈயத்தைத் தின்னாவிட்டால் வாத்து சாகும். தின்றால் தட்டு சாகும். இரண்டில் எதையும் தேசம்மா விடப்போவதில்லை என்பது அவள் முந்தானையை இழுத்துச் செருகியதிலேயே தெரிந்தது.

அந்த வாரமே சுதர்சனம் வந்தார். இந்தத் தடவை தொப்பி இல்லை. தட்டுகள் கிளப்பின் சொத்து என்றும், கிளப்புக்கு அவமானமாக இருக்கிறது என்றும், எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இத்தனையையா தவறவிட்டீர்கள் என்று அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை வருஷாந்திரப் போட்டி. அன்றைக்கு எல்லாவற்றையும் சுட்டு இறக்கிவிடுவோம் என்றார். ஊருக்குள் வந்து சுடக் கூடாதே என்று பச்சையப்பன் கேட்டார். வரவே வேண்டாம், அதுங்களே எங்ககிட்ட வரும் என்று சுதர்சனம் சொன்னது உண்மைதான். மிஷின் சத்தம் கேட்டால் தட்டுகள் ஊரில் தங்காது. குழியிலிருந்து புதுத் தட்டு ஒன்று கிளம்பும்போதெல்லாம், அது தப்பிப் பிழைத்தால் கூட்டிவரலாம் என்று இவையெல்லாம் கிளப் மைதானத்துக்குமேல் போய்க் காத்திருக்கும்.

சனிக்கிழமை ஊரே சேர்ந்து தட்டுகளைக் கோழி அடைக்கும் பஞ்சாரத்தால் கவிழ்த்துப் பார்த்தது. பஞ்சாரத்தோடு எழும்பின. மேலே கல் வைத்தார்கள். கல்லோடு எழும்பின. ஈயத்தை விரலால் நோண்டி எடுக்கப் பார்த்தார்கள், புளியங்கொட்டை அளவுகூட வரவில்லை. ஏகாம்பரம், நாளைக்கு வேலைக்குப் போகாமல் இருந்துவிடுகிறேன் என்றான். அவன் போகாவிட்டால் இன்னொருவன் பொத்தானை அமுக்குவான் என்று தேசம்மா சொன்னாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் பெண்கள் எழுந்து அவரவர் வீட்டு முறத்தைத் தேடப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளப்பில் பெரிய ஷாமியானா. அண்டா அண்டாவாகப் பிரியாணி, மூடி திறந்து வைத்திருந்தது. முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார்கள், இரண்டாம் பந்தி இலையில் உட்கார்ந்திருந்தது. மிஷின் ஒரு தடவை உறுமியதும், ஊர்க் கூரைகளிலிருந்த தட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, ஏரிமேல் ஒரு ஆரஞ்சுத் துணியை உதறி விரித்தாற்போல வந்து, ஒன்றரைப் பனை உயரத்தில், மைதானத்துக்கு நேர்மேலே நின்றன. அவற்றுக்கு அடியில், ஏரிக்குள் இறங்கி கிளப் பக்கம் ஏறி, நாங்கள் வந்தோம்.

முன்னால் சாவுக்குத் தப்பிய வாத்துகள். பின்னால் தேசம்மா, கையில் வாத்துக்கோல். அவளுக்குப் பின்னால் தலைமேல் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி பெண்கள், பிறகு ஆண்கள், பிறகு பச்சையப்பனும் ஆடுகளும். வழக்கமாக எங்கள்மேல் ஈயம் விழுகிற இடத்தைத் தாண்டினோம். கம்பி வேலி சாய்ந்திருந்த இடத்தில் தாண்டினோம். தூரம் காட்ட நட்டிருந்த வெள்ளைக் கட்டைகளில் நாற்பது என்று எழுதியதைத் தாண்டினோம். முப்பத்தைந்தில் தேசம்மா கோலை ஊன்றினாள். வாத்துகள் உட்கார்ந்தன. நாங்களும் நின்றோம்.

சுதர்சனம் ஓடிவந்தார். சுடுகிற இடத்தில் இப்படி வந்து நிற்பது எவ்வளவு ஆபத்து தெரியுமா, உயிர் போனால் யார் பதில் சொல்வது என்று மூச்சு வாங்கக் கேட்டார். தேசம்மா அவரை அவசரப்படுத்தவில்லை. முழுக்கச் சொல்லி முடிக்க விட்டாள்.

"நாப்பது கஜத்துக்கு அந்தாண்ட எட்டாதுன்னீங்க. அந்தாண்ட நின்னு செத்தா கணக்குல வராதுன்னீங்க. அதான் சார், இந்தாண்ட வந்துட்டோம். இப்ப சுடுங்க."

வரிசையில் நின்றவர்கள் துப்பாக்கியை இறக்கினார்கள். டாக்டர்தான் முதலில் தோட்டாவை வெளியே எடுத்தார். சுதர்சனம் குழியைப் பார்த்து, மிஷினை நிறுத்தாதே, தட்டை விடு என்று கத்தினார். குழிக்குள்ளிருந்து ஏகாம்பரம் தலையை நீட்டினான். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தான். மேலே ஏறி, கைத் தூசியைத் தட்டி, நேராக நடந்து வந்தான்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லு. எனக்கும் எடம் வேணும்."

"முறம் எங்கடா?"

"மறந்துட்டேன்."

"அப்ப இதுக்குள்ள வா" என்று தேசம்மா தன் முறத்தை அவன் தலைக்கும் சேர்த்துச் சாய்த்தாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. ஆள்மேல்தானே சுடக் கூடாது, மேலே சுடலாமே என்று சொன்னபடி துப்பாக்கியை உயர்த்தி, எங்கள் தலைக்கு நேர்மேலே அரைப் பனைக்குத் தாழ்ந்து நின்ற ஒரு தட்டைச் சுட்டார். நாற்பது கஜத்துக்கு உள்ளே. கூட்டத்தில் அது ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது, அதன் ஓரத்தில் கறுப்பாகத் தார் அப்பியிருந்தது. அது அதே இடத்தில் உடைந்து, நாலைந்து துண்டாகத் தேசம்மாவின் முறத்தில் விழுந்தது.

யாரும் ஓடவில்லை. வாத்துகள்கூட எழுந்திருக்கவில்லை. தேசம்மா முறத்தைக் கீழே இறக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் கட்டினாள். பிறகு முறத்தைப் பழையபடி தலைமேல் பிடித்துக்கொண்டு, முப்பத்தைந்து என்று எழுதிய கட்டையையும் தாண்டி, வக்கீலைப் பார்த்து நடந்தாள். நாங்கள் பின்னால் நடந்தோம். முப்பது. இருபத்தைந்து. இருபதில் துப்பாக்கி வாய் இரண்டும் கறுப்பாகத் தெரிந்தது, தாம்பாளம் அளவுதான் சிதறும், குறி தப்பவே தப்பாது. வக்கீல் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தேசம்மா நின்றாள்.

அப்போதுதான் தட்டுகள் நகர்ந்தன. எங்களைத் தாண்டி, துப்பாக்கிகளைத் தாண்டி, ஷாமியானாவுக்குமேல் போய்க் கொஞ்சம் சாய்ந்து, இத்தனை மாதம் ஏரியில் பொறுக்கிய ஈயம் முழுவதையும் ஒரே நேரத்தில் விட்டன. எங்கள் ஊரில் எத்தனையோ மழை பார்த்திருக்கிறோம், அப்படி ஒரு மழைச் சத்தத்தைக் கேட்டதில்லை. அது ஷாமியானாத் துணியில் குழி குழியாகத் தேங்கி, துணி கிழிந்து, இலைகளில் விழுந்து, தண்ணீர் டம்ளர்களில் விழுந்து, திறந்திருந்த பிரியாணி அண்டாக்களில் மிளகு போட்டதுபோல விழுந்து, பரிசுக் கோப்பைகள் அடுக்கியிருந்த மேசையில் துள்ளித் துள்ளி உருண்டு ஓய்ந்தது. யாருக்கும் காயம் இல்லை. சாப்பாடுதான் போயிற்று. பச்சையப்பன் சத்தமில்லாமல் முறத்தைத் தலையிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தட்டுகள் லேசாகி, ஏறி, இரண்டு பனையைத் தாண்டி, மூன்றையும் தாண்டிப் போயின.

சாயங்காலம் சுதர்சனம் ஏரிக்கரைக்கு வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு, அது நிறைய ஈயக்குண்டு. அவர் கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தார், சட்டைப் பாக்கெட்டிலும் இரண்டு குண்டு கிடந்து நடக்கும்போது சிணுங்கியது. விருந்தினர்கள் சாப்பாட்டில் உங்கள் தட்டுகள் கொட்டியது இது, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று தேசம்மாவிடம் நீட்டினார். அவள் வாத்துகளைக் கொட்டகையில் அடைத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, சொம்பை வாங்கி, உள்ளே விரலை விட்டு, ஒரு குண்டை எடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"நாங்க இருநூறு கஜத்துல இருக்கோம் சார். அங்க விழுந்த குண்டு எங்களோடது இல்ல."

அவர் அண்ணாந்து பார்த்து, அவ்வளவு உயரத்தில் இருக்கிறதே, இனி இவற்றை எப்படித்தான் இறக்குவது என்று தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார். ஏரியில் ஈயம் கிடந்தால்தான் அவை பொறுக்கும், பொறுக்கினால்தான் இறங்கும், ஆனால் இறங்கினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள் என்று ஏகாம்பரம் சொன்னான். தேசம்மா சொம்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் கிளப்பில் மிஷின் குழியை மூடி, எதிர்ப்பக்கம் புதுக்குழி தோண்டினார்கள். இப்போது பாறைக்குன்றைப் பார்த்து நின்று சுடுகிறார்கள். ஏரியில் கிடந்த பழைய ஈயத்தை நாங்களும் தட்டுகளும் சேர்ந்து பொறுக்கி, கூடை கூடையாக அவர்கள் வாசலிலேயே கொண்டுபோய் வைத்தோம். எங்களுடையது இல்லாத பொருளை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. தேசம்மாவிடம் இப்போது வாத்து இருநூற்றைத் தாண்டிவிட்டது.

உடைந்த துண்டுகளை அவள் அன்றைக்கே அந்தக் கோழிக்கு அடியில் வைத்தாள். கோழி அவற்றைக் காலால் ஒழுங்குபடுத்தி, மேலே உட்கார்ந்துகொண்டது. இன்னும் எழுந்திருக்கவில்லை. தீனியை அதன் வாய்க்கே கொண்டுபோய் வைக்கிறார்கள், யாரும் அதைத் தூக்கிவிடப் பார்ப்பதில்லை.

பாறையைப் பார்த்துச் சுடும்போது மத்தியான வெயில் நேராகக் கண்ணில் குத்துகிறது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு துப்பாக்கி பிடிக்க முடியாது. அதனால் வக்கீலும் மில்காரரும் முன்னைவிட அதிகம் தவறவிடுகிறார்கள், டாக்டரைக் கேட்கவே வேண்டாம். தவறிய தட்டு ஒவ்வொன்றும் பாறைவரை போய், திரும்பி, சுட்டவர் தலைக்குமேலாக, மூன்று பனை உயரத்தில், அவசரமில்லாமல் எங்கள் ஊருக்கு வருகிறது. நேற்றுச் சாயங்காலம் மட்டும் இருபத்தாறு.